அணியம்: கடலில் குடியேறும் இல்லறமும் ‘போதும்’ என்பதன் அளவும்

கரையில் உள்ள வீட்டை விற்றோ வாடகைக்கு விட்டோ, பாய்மரப் படகு ஒன்றையே நிலையான வீடாக்கிக்கொண்டு துறை துறையாகச் செல்லும் வாழ்க்கை இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மேலை நாடுகளில் பரவலானது. அதன் முன்னோடிகள் இன்னும் பழையவர்கள். 1887இல் பிரேசில் கரையில் தம் சரக்குக் கப்பல் உடைந்துபோனபின், ஜாஷுவா ஸ்லோகம் 35 அடிப் படகொன்றைக் கட்டி, மனைவியையும் இரு மகன்களையும் ஏற்றிக்கொண்டு 1888இல் அமெரிக்கா திரும்பினார். படகு நீரில் இறங்கிய நாள் பிரேசிலில் அடிமைமுறை ஒழிந்த நாள். அதனால் அதற்கு ‘லிபர்தாதே’, அதாவது விடுதலை, என்று பெயர் வைத்தார். லின் பார்டி, லாரி பார்டி தம்பதியர் தாங்களே கட்டிய ‘செராஃபின்’ என்ற 24 அடிப் படகை 1968இல் நீரில் இறக்கி, எஞ்சினே இல்லாமல் அதில் உலகைச் சுற்றினர்.

இத்தகைய வாழ்க்கைக்கான ஆயத்தத்தில் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று வீட்டைக் காலி செய்வது, மற்றது படகை நிரப்புவது. முதல் வேலையில் எதை விடலாம் என்று கேட்க வேண்டும். இரண்டாவதில் எது இல்லாமல் முடியாது என்று கேட்க வேண்டும். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு போதும்? சமயங்களும் தத்துவங்களும் நெடுங்காலமாகக் கேட்டுவரும் இந்தக் கேள்விக்குப் படகு கிலோவிலும் லிட்டரிலும் விடை கேட்கிறது.

துறவியின் பட்டியலும் மாலுமியின் பட்டியலும்

பௌத்த பிக்குவுக்கு உரிய பொருள்கள் எட்டு: மூன்று சீவரங்கள், பிச்சைப் பாத்திரம், சவரக் கத்தி, ஊசி, இடைக்கச்சை, நீர் வடிகட்டி. ஊசியும் வடிகட்டியும் நெடுந்தூரப் படகு எதிலும் இருக்கும். கிழியும் பாயைத் தைக்க ஒன்று, துறைமுகத்துக் குழாய்நீரை வடிக்க மற்றொன்று. இந்த ஒற்றுமையை வைத்துப் படகு வாழ்க்கையை ஒரு வகைத் துறவு என்று சொல்வதுண்டு. ஆனால் ஒற்றுமை பட்டியலோடு முடிந்துவிடுகிறது. ஊரில் யாரோ ஒருவர் வீட்டில் உலை கொதிப்பதால்தான் பிக்குவின் பாத்திரம் நிறைகிறது. அவர் நாளைக்கென்று எடுத்துவைக்காமல் இருக்க, ஊரார் எடுத்துவைக்க வேண்டும். நடுக்கடலில் பிச்சை கேட்க வாசல் இல்லை. படகுக் குடும்பம் தன் ஊரையும் களஞ்சியத்தையும் கிணற்றையும் தானே சுமந்து போகிறது. எனவே அது இல்லறமாகவே இருக்கிறது, மிக இறுக்கமான இல்லறமாக.

இதற்கு நெருக்கமான கோட்பாடு சமணத்தில் இருக்கிறது. துறவிக்கு முழுப் பற்றின்மையை விதிக்கும் சமணம், இல்லறத்தாருக்கு அளவை மட்டுமே விதிக்கிறது. நிலம், தானியம், பாத்திரம் இவற்றில் எவ்வளவு வைத்துக்கொள்வது என்று அவரே எல்லை வகுத்துக்கொண்டு, அதற்கு மிஞ்சியதை விட வேண்டும். மிகுபொருள் விரும்பாமை என்று தமிழில் வழங்கும் விரதம் இது. அதே சமணம் இல்லறத்தாருக்குத் திக்விரதம் என்ற இன்னொரு நோன்பையும் வகுத்தது. எந்தத் திசையில் எவ்வளவு தூரம் போவது என்பதற்கும் எல்லை வேண்டும். போகும் இடமெல்லாம் உயிர்களுக்குத் தீங்கு நேரும், தூரம் குறைந்தால் தீங்கும் குறையும் என்பது அதன் நியாயம். படகு வாழ்க்கை முதல் விரதத்தோடு ஒத்துப்போய் இரண்டாவதோடு முரண்படுகிறது. பொருளைச் சுருக்கித் திசையை விரிக்கிறது. கழிவுத் தொட்டி பொருத்துவதும், வாங்கிய பொருள்களின் பிளாஸ்டிக் உறைகளைக் கரையிலேயே களைந்துவிட்டு ஏற்றுவதும் ஆயத்தத்தில் சேர்வது இதனால்தான். பிளாஸ்டிக்கை எந்தக் கடலில் எறிவதையும் மார்போல் உடன்பாட்டின் ஐந்தாம் இணைப்பு தடைசெய்கிறது.

நீர்க்கோடு வகுக்கும் அளவு

வீட்டில் பொருள் மிஞ்சினால் பரண் இருக்கிறது. படகில் மிஞ்சினால், வெளிப்புறத்தில் தீட்டிய நீர்க்கோடு தண்ணீருக்குள் போய்விடுகிறது. தாழ்ந்த படகு மெதுவாக ஓடும், அலைமீது எழத் தயங்கும். எடைக் கணக்கு குடிநீரில் தொடங்குகிறது. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், இருவர் 30 நாள் ஓடுவதற்கு 180 லிட்டர் வேண்டும். காற்று ஓய்ந்து நாள் நீண்டால் என்ன செய்வது என்று பாதியளவு கூட்டினால் 270 லிட்டர், ஏறத்தாழ 270 கிலோ. இந்த எடைக்கு இடம் கொடுக்க வேறு எதையாவது கரையில் விட்டாக வேண்டும்.

எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றும் 1968ஆம் ஆண்டுப் பந்தயத்துக்குப் புறப்பட்ட பிரெஞ்சு மாலுமி பெர்னார் முவாத்தெசியே, தம் எஃகுப் படகான ‘ஜோஷுவா’விலிருந்து எஞ்சினையும், சிறு தோணியையும், மிகையான நங்கூரங்களையும், சங்கிலியையும், பெட்டி பெட்டியாக நூல்களையும் இறக்கிவைத்தார். அதே படகில் முன்பே பசிபிக்கிலிருந்து தென்னமெரிக்காவின் கொம்பு முனையைச் சுற்றி வந்திருந்தவர் அவர். படகு எதைத் தாங்கும், எது இல்லாமல் ஓடும் என்பது அவருக்குத் தெரியும். தெரியாதவர் அதே பொருள்களை இறக்கினால் அது அசட்டுத் துணிச்சலாகிவிடும். குறைப்பதற்கு அறிவு வேண்டும். அந்த அறிவு வரும்வரை மனம் சேர்த்துக்கொண்டேதான் இருக்கும்.

மிகை வேறு, மாற்று வேறு என்பதையும் இங்கே பிரித்தறிய வேண்டும். குடிநீரை ஒரே தொட்டியில் நிரப்பாமல் இரண்டாகப் பிரிப்பது மிகையாகாது. ஒன்றில் உப்புநீர் கலந்தாலும் மற்றது மிஞ்சும். படகின் அடியில் தண்ணீர் போகும் துளை ஒவ்வொன்றிலும் ஒரு வால்வு இருக்கும். அந்த வால்வின் பக்கத்திலேயே துளைக்குப் பொருந்தும் மரக்கட்டை ஆப்பு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்கள். வால்வு உடைந்தால் ஆப்பை அடித்து இறுக்கலாம். ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாமலே தொங்கும் அந்தக் கட்டைக்குப் படகில் எப்போதும் இடம் உண்டு. அவ்வப்போது புழங்கினாலும், ஆறாவது பீங்கான் தட்டுக்கு இடமில்லை. ஒரு பொருளின் தேவையைப் புழக்கத்தின் எண்ணிக்கை காட்டுவதில்லை, அது இல்லாத வேளையில் நேரும் இழப்பே காட்டுகிறது.

இடமறிந்து வைத்தல்

வீட்டையும் கப்பலையும் ஒப்பிட்ட பழைய தத்துவ நூல்களில் ஒன்று கிரேக்கரான செனபோன் எழுதிய ‘எக்கனாமிக்கஸ்’. வீட்டு நிர்வாகம் பற்றிய அந்த உரையாடலில் ஒரு கணவர், தாம் பார்த்த பினீசியக் கப்பலை மனைவியிடம் விவரிக்கிறார். ஒரு விருந்து அறையைவிட அதிகம் பெரிதில்லாத இடத்தில் கயிறு, பாய், படைக்கலம், பாத்திரம், சரக்கு எல்லாம் ஒன்றையொன்று தடுக்காமல் அடுக்கப்பட்டிருந்தன. முன்முனைக்குப் பொறுப்பான அதிகாரி ஒவ்வொன்றும் எங்கே எத்தனை இருக்கிறது என்று பார்க்காமலே சொன்னார். ஓய்வு நேரத்தில்கூட அவர் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். புயலடிக்கும்போது தேடிக்கொண்டிருக்க நேரமிருக்காது என்பது அவர் சொன்ன காரணம். தமிழில் அணியம் என்ற சொல் கப்பலின் முன்பகுதியையும் குறிக்கும், ஆயத்த நிலையையும் குறிக்கும். அந்த அதிகாரி இரண்டு பொருளிலும் அணியத்தில் இருந்தவர்.

இன்றைய படகிலும் அதே ஒழுங்கு தொடர்கிறது. டின் உணவின் காகித உறைகளைக் கரையிலேயே உரித்துவிட்டு, உள்ளே இருப்பது என்ன என்று மூடியில் அழியா மையால் எழுதி அடுக்குகிறார்கள். உறை நனைந்து கழன்று அடித்தட்டு நீரில் சேர்ந்தால், நீரை இறைக்கும் பம்பின் வாயை அடைத்துவிடும். அட்டைப்பெட்டிகளை உள்ளே கொண்டுவருவதில்லை. அவற்றின் மடிப்புகளில் கரப்பான் முட்டை இருக்கக்கூடும். எந்தப் பொருள் எந்த அறையில் என்று ஒரு நோட்டில் குறித்து, எடுக்க எடுக்க அடித்துக்கொண்டே வருகிறார்கள். செனபோனின் உரையாடலில் ஒழுங்கு ஓர் அழகாகவும் பேசப்படுகிறது. படகில் அது பிறர்மீதான அக்கறையாகவும் ஆகிறது. இருட்டில், ஒருவர் காயப்பட்டுக் கிடக்கும்போது, மற்றவர் கை நீட்டும் இடத்தில் மருந்துப்பெட்டி இருக்க வேண்டும்.

உடைமையும் பராமரிப்பும்

ஏதென்ஸ் மக்கள் தீசியஸின் கப்பலைப் பாதுகாத்துவந்ததையும், உளுத்த பலகைகளை மாற்றிக்கொண்டே போனபின் அது பழைய கப்பல்தானா என்று தத்துவவாதிகள் வாதிட்டதையும் புளூட்டார்க் பதிவுசெய்தார். ஸ்லோகமும் அந்தக் கேள்வியை எதிர்கொண்டார். வயல்வெளியில் கிடந்து மக்கிப்போயிருந்த ‘ஸ்பிரே’ என்ற படகை 13 மாதம் உழைத்து, 553.62 டாலருக்குப் பொருள் வாங்கி, ஏறத்தாழ முழுவதையும் புதுக் கட்டைகளால் திரும்பக் கட்டினார். அதே ‘ஸ்பிரே’யில்தான் 1895இல் புறப்பட்டு 1898இல் உலகைத் தனியாகச் சுற்றி முடித்த முதல் மனிதரானார். படகை வாங்கியவர் என்பதைவிட, அதன் ஒவ்வொரு இணைப்பையும் கையால் தொட்டவர் என்பதே அவருக்கும் படகுக்கும் இருந்த உறவு.

அவருடைய கடிகாரம் இன்னும் தெளிவான சான்று. துல்லியமான கப்பல் கடிகாரத்தைச் சரிசெய்ய 15 டாலர் ஆகும் என்றதால் அதைக் கரையிலேயே விட்டுவிட்டு, ஒன்றரை டாலர் விலை சொன்ன ஒரு தகரக் கடிகாரத்தை, முகப்பு உடைந்திருந்ததால் ஒரு டாலருக்கு வாங்கினார். அது போதுமானதாக இருந்ததற்குக் காரணம், வானத்தைப் பார்த்துக் கணக்கிடும் திறன் அவரிடம் இருந்தது. கைத்திறன் கூடும் அளவுக்குக் கருவியின் தேவை குறைகிறது. தானே பழுதுபார்க்கத் தெரியாத கருவி ஒவ்வொன்றும், அதைப் பழுதுபார்ப்பவர் இருக்கும் துறைமுகத்தோடு படகைக் கட்டிப்போடுகிறது. குளிர்பெட்டி, நன்னீராக்கி எதை ஏற்றுவதானாலும், அதன் உதிரிப்பாகமும் அதைக் கழற்றி மாட்டும் பயிற்சியும் சேர்ந்தே ஏற வேண்டும்.

அவிழ்க்க முடியாத கயிறுகள்

பொருளை விடுவதைக் காட்டிலும் கடினமானது மனிதர்களைப் பற்றிய தீர்வு. கப்பல் துறையில் நிற்கும்போது தண்ணீர் எடுக்கக் கரையிறங்குபவர் வழியில் ஒரு சிப்பியைப் பொறுக்கலாம். ஆனால் தலைவன் அழைத்ததும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவர வேண்டும் என்று ஸ்தோயிக் தத்துவவாதி எபிக்டெட்டஸ் ஓர் உவமை சொன்னார். வாழ்க்கையில் சிப்பியின் இடத்தில் மனைவியும் குழந்தையும் இருக்கிறார்கள், அழைப்பு வந்தால் அவர்களையும் விட வேண்டும் என்பது அவர் கருத்து. குடும்பத்தோடு கடலேறுபவர்கள் இந்த உவமையைப் பாதி புரட்டிவிடுகிறார்கள். சிப்பிகளைக் கரையில் விட்டு, மனைவி மக்களைப் படகில் ஏற்றிக்கொள்கிறார்கள். ஆனாலும் வயதான பெற்றோர், தீராத கடன், பள்ளிப் படிப்பு எல்லாம் கரையில் நிற்கின்றன. உயில் எழுதுவது, வங்கி அதிகாரத்தை ஒருவருக்கு அளிப்பது, அவசரமாகத் திரும்புவதற்கான பயணச்செலவைத் தனியே வைப்பது ஆகியவை பாய் தைப்பதைப் போலவே ஆயத்த வேலைகள்.

இவற்றில் நேர்மை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1968ஆம் ஆண்டுப் பந்தயமே சாட்சி. டொனால்ட் குரோஹர்ஸ்ட், மனைவியையும் நான்கு குழந்தைகளையும் விட்டு, அனுமதிக்கப்பட்ட கடைசி நாளான அக்டோபர் 31இல் அரைகுறை ஆயத்தத்தோடு புறப்பட்டார். தோற்றுத் திரும்பினால் குடும்பமே கடனில் மூழ்கும்படி அவர் செய்துகொண்ட ஒப்பந்தம், திரும்பும் வழியை அடைத்துவிட்டது. அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு பொய்யான இடங்களை அறிவித்துவந்தார். 1969 ஜூலையில் படகு மட்டும் ஆளில்லாமல் கிடைத்தது. முவாத்தெசியே அதே பந்தயத்தில் வெல்லும் நிலையில் இருந்தும் விலகி, தாகித்திக்குப் படகைத் திருப்பினார். அந்த முடிவை விடுதலை என்று போற்றுவோர், அவருக்காகப் பிரான்சில் காத்திருந்த குடும்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஆயத்தத்தின் எல்லை

ஆயத்தமே நம்பிக்கைக் குறைவல்லவா என்ற கேள்வியும் சமய மரபில் உண்டு. 891ஆம் ஆண்டில் அயர்லாந்திலிருந்து மூவர், கடவுளின்மேல் கொண்ட அன்பால் எங்கே போய்ச் சேர்ந்தாலும் சரி என்று துடுப்பே இல்லாத தோல்படகில் ஏறி, ஏழாம் நாள் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையை அடைந்தனர் என்று ஆங்கிலோ சாக்சன் ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. அவர்களும் ஏழு நாளைக்கு உணவு எடுத்துக்கொண்டே ஏறினார்கள். திசையைக் கடவுளிடம் விட்டவர்கள் பசியைத் தங்கள் பொறுப்பில் வைத்துக்கொண்டனர். எபிக்டெட்டஸ் இந்தப் பங்கீட்டை வேறு விதமாக வகுத்தார்: தலைவனையும் மாலுமிகளையும் புறப்படும் நாளையும் தேர்வது பயணியின் பொறுப்பு, அதன்பின் எழும் புயல் அவர் பொறுப்பில் இல்லை.

இந்த எல்லை தெரியாவிட்டால் ஆயத்தம் முடிவதே இல்லை. படகின் வேலைப் பட்டியலில் ஒன்றை அடித்தால் இரண்டு முளைக்கும். பல படகுகள் வருடக்கணக்கில் அதே துறையில் கட்டிக்கிடப்பதற்கு இது ஒரு காரணம். அதனால் பட்டியலை மூன்றாகப் பிரிப்பது நடைமுறை வழி: படகு மிதக்கவும் ஆட்கள் உயிரோடு இருக்கவும் தேவையானவை, படகு ஓடத் தேவையானவை, வசதிக்கானவை. முதலிரண்டும் முடிந்ததும், அதே துறையில் நங்கூரமிட்டு, கரையிலிருந்து தண்ணீரோ மின்சாரமோ எடுக்காமல் சில வாரம் குடும்பமாக வாழ்ந்து பார்க்கிறார்கள். பிறகு பக்கத்துத் துறைக்கு ஓரிரவு ஓட்டம். அந்த நாட்களில் கை படாத பொருள்களில் அவசரத்துக்கானவை தவிர மற்றவை கரையிறங்குகின்றன, தேடியும் கிடைக்காதவை ஏறுகின்றன. மூன்றாவது பட்டியலை முடிக்காமலே பெரும்பாலான படகுகள் புறப்படுகின்றன.