தரம் சொல்பவரின் கடன்

மலாக்கா மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. மலாக்கா நகரத்துப் பள்ளியும் பாயா ரும்புட் பள்ளியும் குடியிருப்புகள் சூழ நிற்பவை. அலோர் காஜா, ஜாசின், மெர்லிமாவ், பூலாவ் செபாங் பள்ளிகள் சிற்றூர்களுக்கு உரியவை. காடேக், புக்கிட் ஆசகான் போன்றவை இன்னமும் தோட்டங்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. எல்லாப் பள்ளிகளுக்கும் கல்வி அமைச்சின் அளவுகோல் ஒன்றுதான். ஒரே கோலால் அளந்தால் அது நீதியாகிவிடுமா?

2010-இல் அரசாங்கம் நாட்டின் தொடக்கப்பள்ளிகளை ஏழு தரப்பிரிவுகளாக வகுத்தது. மொத்த மதிப்பெண்ணில் 70 விழுக்காடு ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வின் சராசரிக்கு, 30 விழுக்காடு பள்ளி தன்னைத்தானே மதிப்பிட்டுக்கொள்ளும் தர அளவைக்கு. நல்ல தரம் காட்டிய தலைமையாசிரியர்களுக்குப் பாராட்டும் ஊக்கத்தொகையும் கிடைத்தன. 2017-இல் வந்த புதிய தர அளவை தலைமைத்துவம், நிர்வாகம், பாடத்திட்ட மேலாண்மை, கற்றல் வழிநடத்தல், மாணவர் மேம்பாடு என ஐந்து கூறுகளைப் பார்க்கிறது. 2021-இல் யு.பி.எஸ்.ஆர். அகற்றப்பட்டது. ஆனாலும் ஒரு பள்ளியை ஓர் எண்ணுக்குள் அடக்கிப் பார்க்கும் மனப்பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை.

அந்த எண் எவ்வளவு கொடியதாக மாறக்கூடும் என்பதை எளிய கணக்கே காட்டும். ஆறாம் ஆண்டில் நான்கு பிள்ளைகள் மட்டுமே படிக்கும் தோட்டப்பள்ளியில் ஒரு பிள்ளை தேறாமல் போனால் தேர்ச்சி 75 விழுக்காடு. நூறு பேர் படிக்கும் நகரத்துப் பள்ளியில் ஒருவர் தேறாவிட்டால் 99. அடுத்த ஆண்டு நால்வரும் தேறினால் தோட்டப்பள்ளி 100 விழுக்காட்டுக்கு ஏறிவிடும். இடைப்பட்ட ஓராண்டில் ஆசிரியர்களும் மாறவில்லை, கற்பித்தலும் மாறவில்லை. அதைவிடப் பெரிய கொடுமை, அந்த 25 விழுக்காட்டுச் சரிவுக்குக் காரணமான பிள்ளை யார் என்பது தோட்டம் முழுவதற்கும் தெரியும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் மீது ஒரு பள்ளியின் மானத்தை ஏற்றி வைப்பது எந்த அறத்திலும் சேராது.

பள்ளி சிறுத்துப்போனதற்கு அப்பிள்ளையோ ஆசிரியரோ பொறுப்பல்ல. மலாயாவின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. அப்படிப் பிறந்த பள்ளிகள் பலவற்றில் கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். விடுதலைக்குப் பின் தோட்டத் துண்டாடல் வந்தது. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தனர், தமிழ்க் குடும்பங்கள் பட்டணம் நோக்கி நகர்ந்தன. 1957-இல் நாட்டில் 880-க்கு மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530 அளவில் நிற்கின்றன. 150 மாணவருக்குக் குறைந்தால் அது குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்தப்படுகிறது. நிலம் தோட்ட நிறுவனத்தின் பெயரில் இருந்தால் பள்ளி பகுதி உதவிதான் பெறும். கட்டடத்துக்கும் பழுதுபார்ப்புக்கும் பள்ளி வாரியம் நன்கொடை தேட வேண்டும். ஒருவர் கையில் இல்லாத ஒன்றுக்கு அவரைக் குற்றவாளியாக்குவது அநீதி.

இதைக் காட்டிப் பள்ளிச் சோதனையே வேண்டாம் என்று வாதிடுவோரும் உண்டு. அதுவும் அறமாகாது. "சின்னப் பள்ளி, பாவம்" என்று இரங்கிப் பிழையை மூடி மறைத்தால் அதன் விலையைப் பிள்ளைதான் கொடுக்கிறது. மலாய்மொழியில் குறைந்தபட்ச அடைவுநிலையை எட்டாத மாணவர் இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கழிக்க நேரிடும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளி தவறினாலும் டியூஷன் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் வேறு வழி இல்லை. ஆகவே வகுப்பில் வந்து உட்கார்ந்து கற்பித்தலைக் கவனிக்கும் நசீர் எனப்படும் பள்ளி ஆய்வாளர், ஏழைப் பிள்ளையின் உரிமையைக் காக்க வந்தவர். தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு என்று முழங்கும் சமூகம், அந்தத் தேர்வுக்குத் தகுந்த பள்ளியைப் பிள்ளைக்குத் தரவும் கடமைப்பட்டது.

அப்படியானால் சோதனை எப்போது அறமாகிறது? குறையைச் சொன்னவர் அதைத் தீர்க்கும் பொறுப்பிலும் பங்கேற்கும்போது. இங்கிலாந்தில் பள்ளிகளை ஒற்றைச் சொல்லால் தரம் பிரித்து வந்தார்கள். தன் பள்ளிக்கு மிகத் தாழ்ந்த தரம் வரப்போகிறது என்று அறிந்த தலைமையாசிரியை ஒருவர் 2023 ஜனவரியில் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தச் சோதனையும் அவர் மரணத்துக்குக் காரணமாயிற்று என மரண விசாரணை கூறியது. 2024 செப்டம்பரில் அரசுப் பள்ளிகளுக்கு ஒற்றைச் சொல் தரம் சூட்டும் முறையை அங்கே கைவிட்டார்கள். மலேசியாவும் கற்க வேண்டிய பாடம் இது. தோட்டப்பள்ளி பின்தங்கியிருக்கிறது என்று எழுதும் கை, அங்கே குறைநீக்கல் ஆசிரியரை அனுப்பவும் நிலச் சிக்கலைத் தீர்க்கவும் கையெழுத்திட வேண்டும். முதலாம் ஆண்டில் எழுத்தறியாமல் நுழைந்த பிள்ளை ஆறாண்டில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதையும் அளக்க வேண்டும்.

பள்ளிக்கும் இதில் கடமை உண்டு. தன்மதிப்பீட்டில் கூட்டி எழுதும் ஒவ்வொரு புள்ளியும், வரவேண்டிய உதவியை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

பெற்றோரைப் பொறுத்தவரை, பிள்ளையின் நலன் கருதிப் பள்ளி மாற்றுவோரைத் துரோகி என்று பழிப்பது தவறு. மொழியைக் காக்கும் சுமையை ஒரு குழந்தையின் எதிர்காலத்தின் மேல் மட்டும் இறக்கிவைக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் யாரோ சொன்ன தரத்தைக் கேட்டு மட்டும் முடிவெடுக்க வேண்டாம். அருகிலுள்ள தமிழ்ப்பள்ளிக்கு நேரில் செல்லுங்கள். ஆசிரியரிடம் பேசுங்கள். வகுப்பறை மதிப்பீட்டில் பிள்ளைகள் எந்த அடைவுநிலையில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். குறை கண்டால் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லுங்கள். சொன்னபின் அதைத் தீர்க்கும் வேலையில் உங்கள் பங்கையும் கேட்டு வாங்குங்கள்.