சான்றிதழைக் கேளுங்கள்

“நம்ம நாய் ஊசி போட்ட நாய்தான் அண்ணே, ஒண்ணும் பண்ணாது.”

பக்கத்து வீட்டு நாய் கடித்த அடுத்த நிமிடம் நம் காதில் விழும் ஆறுதல் இது. சொல்பவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. பெரும்பாலும் அவரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார். ஆனால் அது சரிபார்க்கக்கூடிய செய்தி. ஊசி போட்டிருந்தால் கால்நடை மருத்துவர் கொடுத்த அட்டை இருக்கும். அட்டையில் தேதி இருக்கும். அதை வாங்கிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

நான் கேட்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எதிர் வீட்டு நாய் என் கெண்டைக்காலைக் கவ்வியது. இரண்டு பல் பதிந்து ரத்தம் கசிந்தது. அந்த வீட்டுக்காரர் மஞ்சள் தூள் டப்பாவோடு பதறி ஓடி வந்தார். பல வருடப் பழக்கம். என் வீட்டு விசேஷத்தில் பந்தி பரிமாறியவர். “பரவாயில்ல தம்பி, விடுங்க” என்றேன். என் மனைவிதான் வாசலுக்கு வந்து, “ஊசி போட்ட சீட்டு இருக்கா?” என்று கேட்டார். அந்த வீட்டுப் பெண்ணின் முகம் சுருங்கியது. “எங்க மேல நம்பிக்கை இல்லையாக்கா?” என்றார். தேடி எடுத்து வந்த அட்டையில் கடைசித் தேதி நான்கு வருடத்துக்கு முந்தையது. ஆண்டுதோறும் போட வேண்டிய ஊசி அது. மறந்துபோயிருக்கிறார்கள். கடவுள் உண்டா என்று சான்று கேட்கத் தயங்காத என் நாக்கு, எதிர் வீட்டுக்காரரிடம் ஒரு அட்டையைக் கேட்கக் கூசியது. அந்தக் கூச்சத்தை நினைத்தால் எனக்கு இன்றும் பயமாக இருக்கிறது.

“நம்பிக்கை இல்லையா?” என்ற கேள்வியைக் கவனியுங்கள். சாமியாடியிடம் சந்தேகம் கேட்டாலும் இதே கேள்விதான் வரும். நம் ஊரில் சான்று கேட்பது அவமதிப்பு என்று ஆகிவிட்டது. முகதாட்சண்யம் என்று அதற்கு ஒரு மரியாதையான பெயரும் வைத்திருக்கிறோம். கடன் கொடுக்கும்போது முகதாட்சண்யம் பார்த்தால் பணம் போகும், சம்பாதித்துக்கொள்ளலாம். ரேபிஸ் எனும் வெறிநோயில் முகதாட்சண்யம் பார்த்தால் போவது உயிர். அறிகுறி தோன்றிவிட்ட பிறகு இந்த நோயிலிருந்து மீண்டவர்கள் மருத்துவ வரலாற்றிலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இதனால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தியாவில்.

இந்தக் கிருமி ரத்தத்தில் பாய்ந்து பரவுவதில்லை. கடிவாயில் சதைக்குள் தங்கி, நரம்பின் நுனியைப் பற்றிக்கொண்டு, நரம்பு வழியாகவே முதுகுத்தண்டுக்கும் மூளைக்கும் ஊர்ந்து போகிறது. காலில் கடித்தால் வழி நீளம், முகத்தில் கடித்தால் வழி குறைவு. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் ஆகும். ஒரு வாரத்திலும் வரலாம், ஒரு வருடம் கழித்தும் வரலாம். அதற்குள் புண் ஆறிவிடும், தழும்பும் மங்கிவிடும். கடிபட்டவர் வேலைக்குப் போவார், சிரித்துப் பேசுவார். “கடிச்சு ஒரு மாசம் ஆச்சு, ஒண்ணும் ஆகலையே” என்பார். ஒன்றும் ஆகாத அந்த மாதம்தான் நமக்குக் கிடைக்கும் ஒரே அவகாசம். அதையே நலமாக இருப்பதற்குச் சான்று என்று எடுத்துக்கொள்கிறோம்.

அந்த அவகாசத்தை முதலில் பயன்படுத்த வேண்டிய இடம் குளியலறை. குழாயைத் திறந்துவிட்டு, சாதாரண சோப்பைப் போட்டு, ஓடும் தண்ணீரில் காயத்தைப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். பதினைந்து நிமிடம் என்பது நினைப்பதைவிட மிக நீளம். ஒரு நிமிடத்திலேயே போதும் என்று தோன்றும், கை வலிக்கும், குழந்தையாக இருந்தால் அழும். விடக் கூடாது. இந்தக் கிருமிக்கு மேலே கொழுப்பாலான ஓர் உறை உண்டு. எண்ணெய்ப் பிசுக்கைக் கரைப்பது போலச் சோப்பு அந்த உறையைக் கரைத்துக் கிருமியைச் செயலிழக்கச் செய்கிறது. பத்து ரூபாய் சோப்பு செய்யும் இந்த வேலையை மிளகாய்ப் பொடியோ, சுண்ணாம்போ, காப்பித் தூளோ, மஞ்சளோ செய்யாது. அவை புண்ணைக் கிளறி, கிருமி நரம்பைப் போய்ச் சேர உதவவே செய்யும். கழுவிய பிறகு கிருமிநாசினி போடலாம். கட்டுப் போட வேண்டாம். மருத்துவர் அவசியம் என்று சொன்னாலொழிய தையலும் வேண்டாம்.

பிறகு அன்றைக்கே மருத்துவமனை. இங்கே ஒரு குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும். “டி.டி. போட்டாச்சு” என்று திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. அது வில்வாத ஜன்னிக்கான ஊசி. வெறிநோய்க்கும் அதற்கும் தொடர்பில்லை. “நாய் கடிச்சிருக்கு, ரேபிஸ் ஊசி போடுங்க” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் முறையென்றால் முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று வரச் சொல்வார்கள். காசு கிடையாது. ரத்தம் வருமளவு கடித்திருந்தால் தடுப்பூசி மட்டும் போதாது. ஊசி போட்ட பின் உடம்பு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேல் எடுக்கும். அதுவரை காவல் காக்க, இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தைக் காயத்தைச் சுற்றியும் காயத்துக்குள்ளும் செலுத்த வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இல்லையென்றால் எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று கேட்டு அங்கே போங்கள். இரண்டு ஊசியோடு நிறுத்திவிட்டு, “சரியாயிடுச்சு” என்று மிச்சத்தை விட்டுவிடாதீர்கள்.

“தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி” என்ற பயம் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. அந்தப் பயம் வெறும் கற்பனை என்று ஒதுக்க மாட்டேன், ஒரு காலத்தில் அது உண்மை. 1902இல் ஆங்கிலேயப் பெண் ஒருவர் வெறிநோயால் இறந்தார். அன்று சிகிச்சை வேண்டுமென்றால் வடக்கே கசௌலி மலை வரை போக வேண்டியிருந்தது. அந்த மரணம் எழுப்பிய கவலையில் பிறந்ததுதான் 1907இல் குன்னூரில் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம். ஆட்டு மூளையிலிருந்து எடுத்த தடுப்பூசியைத்தான் வெகுகாலம் அங்கே தயாரித்தார்கள். வயிற்றில் நாள் தவறாமல் குத்திக்கொள்ள வேண்டும். சிலருக்குப் பக்கவாதம் போன்ற கடும் பின்விளைவுகளும் வந்தன. அந்த மருந்தின் குறையை எண்ணிப் பார்த்துச் சொன்னது மருத்துவ உலகமேதான். 2004ஆம் ஆண்டு முடிவோடு இந்தியா அந்த ஊசியைக் கைவிட்டது. குன்னூர் நிறுவனமும் செல் வளர்ப்பு முறைக்கு மாறியது. இன்று கையில் சின்னச் சின்னதாக நான்கு நாள் குத்துகிறார்கள், அவ்வளவுதான். தன் மருந்தில் பிழை இருக்கிறது என்று தானே சொல்லி அதைத் தூக்கி எறிந்த வேர்க்கட்டு வைத்தியர் ஒருவரை நான் இதுவரை கேள்விப்படவில்லை.

அந்த வைத்தியரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். எல்லா வட்டாரத்திலும் நாய்க்கடிக்குப் பச்சிலை கொடுப்பவர், மந்திரிப்பவர், கயிறு கட்டுபவர் ஒருவர் இருக்கிறார். “எங்க தாத்தா காலத்துலருந்து கொடுக்கறோம், ஒருத்தரும் சாகல” என்பார். அவரிடம் போய்ப் பிழைத்தவர்களும் உண்மையாகவே ஊரில் இருக்கிறார்கள். எப்படி? கணக்குப் போட்டுப் பார்ப்போம். அவரிடம் நூறு பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களைக் கடித்த நாய்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு வெறிநோயே இருந்திருக்காது. பச்சிலை தின்றாலும் பிழைப்பார்கள், பால்கோவா தின்றாலும் பிழைப்பார்கள். வெறிநாய் கடித்தாலும் கடிபட்ட எல்லோருக்கும் நோய் வந்துவிடுவதில்லை; கடித்த இடம், ஆழம், எச்சில் பட்ட அளவு எல்லாம் உண்டு. இவர்கள் அத்தனை பேரும் வைத்தியர் கணக்கில் வரவாகிறார்கள். தேங்காய் பழத்தோடு வந்து நன்றி சொல்கிறார்கள், அடுத்தவர் வீட்டில் கடிபட்டவரையும் கூட்டிவருகிறார்கள். இறந்த ஒருவர் வந்து புகார் சொல்லப் போவதில்லை. அவர் வீட்டார் வந்து கேட்டால், “பத்தியம் மீறிட்டார், கறி சாப்பிட்டிருக்கார்” என்று பதில் தயாராக இருக்கிறது. பிழைத்தால் மருந்தின் பெருமை, செத்தால் நோயாளியின் குற்றம். எந்த முடிவு வந்தாலும் தோற்காத மருந்தை எப்படிச் சோதிப்பது?

நேர்மையாகப் பேசுகிறவன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2025இல் கேரளத்தில் தடுப்பூசி போட்டும் சில குழந்தைகள் இறந்தார்கள். “பார்த்தீர்களா உங்கள் விஞ்ஞானத்தை?” என்று சிலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். தலையிலும் முகத்திலும் கையிலும் நரம்புகள் நெருக்கமாக இருக்கின்றன, தலையிலிருந்தும் முகத்திலிருந்தும் மூளையும் பக்கம். அத்தகைய கடியில் ஊசி தன் வேலையைத் தொடங்குமுன் கிருமி முந்திவிடக்கூடும். அதனால்தான் கழுவுவதில் ஒரு நிமிடமும், இம்யூனோகுளோபுலினில் ஒரு நாளும் தவறக் கூடாது என்கிறோம். அந்தக் குழந்தைகளின் மரணம் மறைக்கப்படவில்லை. எங்கே தவறியது என்று விவாதித்தார்கள். அதே 2025இல் உத்தரப் பிரதேசத்தில் கபடி வீரர் ஒருவர் சாக்கடையில் தத்தளித்த நாய்க்குட்டியைக் காப்பாற்றினார். அது கையைக் கடித்தது. சின்னக் கடி என்று ஊசி போடாமல் விட்டார், இறந்தார். இரக்கமுள்ள, திடகாத்திரமான இளைஞர். அவருக்குத் தேவைப்பட்டது சில ஊசிகள் மட்டுமே.

இனி, கடித்த நாய். ஆத்திரத்தில் அதை அடித்துக் கொல்வது நம் தெருக்களில் நடக்கிறது. இன்னொரு பக்கம் ‘பைரவர்’ என்று சொல்லி, அதைக் கட்டிப் போடுவதே பாவம் என்பவர்களும் இருக்கிறார்கள். நாய்க்குப் பாவமும் தெரியாது, புண்ணியமும் தெரியாது. அதை உயிரோடு வைத்துப் பத்து நாள் பாருங்கள். நாயின் எச்சிலில் கிருமி வந்துவிட்டதென்றால் சில நாட்களுக்குள் நோய் வெளிப்பட்டு அது இறந்துபோகும். பத்து நாள் கழித்தும் நன்றாகத் தின்று, குரைத்து, ஓடிக்கொண்டிருந்தால் கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று பொருள். மீதி ஊசியை நிறுத்தலாமா என்பதை மருத்துவர் சொல்வார். கொன்றுவிட்டால் கையிலிருந்த ஒரே சாட்சியும் போயிற்று. ஆனால் பத்து நாள் பார்த்துவிட்டு ஊசிக்குப் போகலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். ஊசி முதல் நாளே தொடங்க வேண்டும், கவனிப்பு அதோடு கூடவே நடக்க வேண்டும்.

நாய் வளர்ப்பவர்களிடம் எனக்குக் கடுமையாகவே சொல்ல இருக்கிறது. அதற்குப் பிறந்தநாள் கேக் வெட்டுகிறீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிடாமல் “நாய்” என்றால் கோபித்துக்கொள்கிறீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஊசி போட மறந்த அன்பு என்ன அன்பு? வெறிநோய் வந்தால் உங்கள் நாயும் துடித்துத்தான் சாகும். சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் வாங்கியாக வேண்டும், அதற்குத் தடுப்பூசிச் சான்றிதழும் வேண்டும். ஆபத்து வரும் என்று தெரிந்தும் விலங்கைக் கட்டுப்படுத்தாமல் விட்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். “பக்கத்து வீட்டுக்காரர் மேல போலீசுக்குப் போறதா?” என்று கேட்பீர்கள். உண்மையைச் சொல்லி, அட்டையைக் காட்டி, கடிபட்டவரை வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிற வீட்டுக்காரர் மேல் போக வேண்டாம் என்பது என் கருத்து. ஊசி போடாததை மறைப்பவர் மேலும், பத்து நாள் முடியுமுன் நாயை எங்கோ கொண்டுபோய் விட்டுவிடுபவர் மேலும் போகத்தான் வேண்டும். அவருடைய மௌனத்துக்கு விலை உங்கள் உயிர். மருத்துவச் செலவை அவர் கொடுத்தால் கூச்சமில்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள். அது தானமல்ல, அவர் கடன்.

பெற்றோருக்கும் ஒன்று. சந்தேகத்துக்குரிய விலங்குகளிடம் கடிபடுபவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்கள். நாயோடு விளையாடக் கூடாது என்று அடித்து வளர்த்த பிள்ளை, கடிபட்டால் சொல்லாது. பள்ளிக்கூடத்தில் கீழே விழுந்துவிட்டேன் என்று சொல்லிக் கால்சட்டையை இறக்கி மறைத்துக்கொள்ளும். அந்தப் பொய்யை அதன் வாயில் வைப்பது நம் பிரம்பு. நாய் கடித்தாலும், பிறாண்டினாலும், புண்ணில் நக்கினாலும் உடனே வந்து சொல், யாரும் திட்ட மாட்டோம் என்று இன்றைக்கே பிள்ளையிடம் சொல்லிவையுங்கள். வந்து சொன்னால், சொன்ன வாக்கைக் காப்பாற்றுங்கள்.

அன்று முகம் சுருங்கிய எதிர் வீட்டுப் பெண் ஒரு மாதம் எங்களோடு பேசவில்லை. எனக்கு முழு ஊசியும் போட்டார்கள், நாயும் பத்து நாளைத் தாண்டி நன்றாகவே இருந்தது. அடுத்த வருடம் அவரே வந்து அட்டையை நீட்டினார்: “அக்கா, இந்த வருஷம் போட்டாச்சு, பாருங்க.” என் மனைவி வாங்கித் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார்.

உங்கள் தெருவிலும் நாய் வளர்க்கும் வீடுகள் இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை போய், கடிக்கும் முன்பே அந்த அட்டையைக் கேளுங்கள்.