கொலைக்களத்தில் எழாத குரல்: வழக்கறிஞர் கடமை பற்றிய ஓர் அறவியல் நோக்கு

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் வரும் ஒரு சிறு நிகழ்வு, அதனையடுத்து வரும் வழக்குரை காதையின் பேரொளியில் எளிதில் மறைந்துவிடுவது. கோவலனைக் கொல்லச் சென்ற காவலர் அவனைக் கண்டதும் தயங்குகின்றனர். இவன் தோற்றம் கள்வனுக்குரியதன்று என்னும் எண்ணம் அவர்களிடையே எழுகின்றது. பொற்கொல்லன் எள்ளி நகைத்து, கள்வர் கைக்கொள்ளும் எண்வகைத் துணைகளை அடுக்கிக் கூறி அத்தயக்கத்தைக் கரைக்கின்றான். பேச்சு முடிவதற்குள் அறிவற்ற களிமகன் ஒருவன் வாளை வீசிவிடுகின்றான். அங்கே ஐயம் இல்லாமற் போகவில்லை. அவ்வையத்தை அரசனிடம் எடுத்துரைக்கும் கடமைதான் எவர்க்கும் இல்லை. சிலம்பினுள் இருப்பது முத்தா மாணிக்கமா என்ற கேள்வி மிக எளியது. அதனைக் கண்ணகி எழுப்பும்போது கோவலன் உயிரோடு இல்லை.

இந்திய அரசியலமைப்பின் 22(1)ஆம் உறுப்பை இப்பின்னணியில் வாசிக்கலாம். கைதுசெய்யப்பட்டவர் தாம் தெரிவுசெய்யும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கவும், அவர் வாயிலாகத் தம் தரப்பை முன்வைக்கவும் உள்ள உரிமையை மறுத்தலாகாது என்பது அவ்வுறுப்பு. காவலர் நெஞ்சில் தோன்றி மறைந்த ஐயத்திற்கு அரசியலமைப்பு ஒரு பதவியை உருவாக்கித் தந்துள்ளது எனலாம். அப்பதவிக்குரியோர் அனைவரும் ஒருங்கே கூடி அதனை ஏற்க மறுப்பின் என்னாகும்? இவ்வினா கருநாடகத்தில் 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இரு முறை எழுந்தது.

அவ்வாண்டு சனவரியில் மைசூருவில் நடந்த மாணவர் போராட்டமொன்றில் காஷ்மீர் பற்றிய பதாகை ஏந்திய பெண்ணொருவர் மீது தேசத்துரோக வழக்குப் பதிவாயிற்று. அவருக்காக உறுப்பினர் எவரும் வாதிடலாகாது என மைசூரு வழக்கறிஞர் சங்கம் முடிவெடுத்தது. மறுமொழியாக, மாநிலத்தின் பல பகுதிகளைச் சார்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட வழக்கறிஞர்கள் அவருக்கான வக்காலத்தில் கையொப்பமிட்டனர். அவருக்கு முன்பிணையும் கிடைத்தது. அடுத்த மாதமே ஹுப்பள்ளியில் பயின்ற காஷ்மீர் மாணவர் மூவர் ஒரு காணொளியின் பொருட்டு அதே குற்றச்சாட்டில் கைதாயினர். ஹுப்பள்ளி வழக்கறிஞர் சங்கமும் அத்தகைய தீர்மானத்தையே நிறைவேற்றியது. பெங்களூரு வழக்கறிஞர்கள் சிலர் உயர்நீதிமன்றத்தை அணுகினர். தலைமை நீதிபதியாக அப்போது விளங்கிய அபய் ஓகா தலைமையிலான அமர்வு, வாதிடச் செல்வோர்க்குக் காவல்துறைப் பாதுகாப்பு அளிக்குமாறு பணித்தது. பெங்களூருவிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து தார்வாடு நீதிமன்றத்தை அடைந்தோர், தம் தொழிலைச் சேர்ந்தவர்களாலேயே கூச்சலிட்டு இடையூறு செய்யப்பெற்றனர். உயர்நீதிமன்றம் இதனைக் கடுமையாகக் கண்டித்தது. பிணை மனு ஒன்றைத் தாக்கல் செய்யக் காவலர் துணை வேண்டியிருந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

தீர்மானம் இயற்றியோர் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. தாம் வெறுக்கும் செயலுக்குத் துணைபோகாதிருக்க வழக்கறிஞர்க்கும் மனச்சான்றின் உரிமை உண்டன்றோ என்பது அது. இதனை எளிதாகப் புறந்தள்ள இயலாது. இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் நெறிமுறைகள், தாம் தொழில் நடத்தும் நீதிமன்றத்தில் தக்க ஊதியத்துடன் வரும் வழக்கை ஏற்க வழக்கறிஞர் கடமைப்பட்டவர் என்கின்றன. சிறப்புச் சூழல்களில் மறுக்கலாம் என்றும் அவையே இடமளிக்கின்றன. ஆயின் ஒருவர் மறுப்பதும் சங்கம் மறுப்பதும் அளவில் மட்டுமன்றித் தன்மையிலும் வேறானவை. ஒருவர் மறுத்தால் வேறொருவரை நாடலாம். சங்கம் மறுக்கும்போது, ஏற்க விரும்பும் உறுப்பினரின் மனச்சான்றும் சேர்த்தே அடைக்கப்படுகின்றது. மனச்சான்றின் பெயரால் இயற்றப்படும் தீர்மானம் முதலில் பறிப்பது பிறர் மனச்சான்றையே. மேலும், வக்காலத்துப் படிவத்தில் கட்சிக்காரர் பெயருக்கும் வழக்கெண்ணுக்கும் கையொப்பத்திற்கும் இடமுண்டு. அவரை வழக்கறிஞர் நம்புகின்றாரா என எழுத அதில் இடமில்லை.

இக்கடமை மாணவர்பால் பரிவுகொண்டோர் கண்டெடுத்த ஒன்றன்று. இது பற்றிய உச்சநீதிமன்றத்தின் முதன்மையான தீர்ப்பு தமிழகத்திலிருந்து எழுந்த வழக்கில் பிறந்தது. அதிலே குற்றஞ்சாட்டப்பட்டோர் காவலர்கள். வழக்கறிஞர்க்கும் காவலர்க்கும் இடையே நிகழ்ந்த மோதலையடுத்து, அக்காவலர்க்காக எவரும் வாதிடலாகாது எனக் கோயம்புத்தூர் வழக்கறிஞர் சங்கம் தீர்மானித்திருந்தது. ஏ.எஸ். முகமது ரஃபி வழக்கில் 2010 திசம்பரில் நீதிபதிகள் மார்க்கண்டேய கட்சு, ஞான் சுதா மிஸ்ரா ஆகியோர் இத்தகைய தீர்மானங்கள் சட்டப்படி செல்லாதவை என்றனர். 1792இல் தாமஸ் பெயினுக்காக வாதிட்டுத் தம் பதவியை இழந்த எர்ஸ்கின் அத்தீர்ப்பில் நினைவுகூரப்படுகின்றார். ஹுப்பள்ளி மாணவர்க்காக மனமிரங்குவோர் கோவைக் காவலர்க்காகவும் இரங்குவரா என்பது இந்நெறியின் உண்மையான உரைகல். இதற்கு நேர்மையாக விடையிறுப்போர் சிலராகவே இருப்பர்.

வெறுப்பு மிகும்போது ஐயம் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு மும்பைத் தாக்குதல் வழக்கு சான்றாகும். 2008 நவம்பர்க் கொடுமைக்குப் பின், குற்றஞ்சாட்டப்பட்ட கசாபுக்காகத் தம் உறுப்பினர் வாதிடார் என அந்நகர வழக்கறிஞர் அமைப்பொன்று அறிவித்தது. நீதிமன்றம் அவருக்கு வழக்கறிஞரை அமர்த்தியது. அவர் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டு 2012இல் தூக்கிலிடப்பட்டார். ஆயின் அதே வழக்கில் உடன் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த இந்தியர் இருவர் 2010இல் விடுதலையாயினர். உச்சநீதிமன்றமும் 2012இல் அவ்விடுதலையை உறுதிசெய்தது. அவருள் ஒருவர்க்காக வாதிட்ட சாகித் ஆஸ்மி, தீர்ப்பு வருவதற்குச் சில மாதங்களுக்கு முன், 2010 பிப்ரவரி 11 அன்று தம் அலுவலகத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். தம் கட்சிக்காரரின் விடுதலையைக் காண அவர் இல்லை.

சட்டம் பயில்வோர் இக்கடமையை எங்குக் கற்கின்றனர்? மாதவ மேனன் முதல் இயக்குநராக இருந்து வளர்த்த பெங்களூரு தேசியச் சட்டப்பள்ளி, 1999இலும் 2013இலும் ஜெசப் உலக மாதிரி நீதிமன்றப் போட்டியில் வென்றது. அப்போட்டியில் ஒவ்வோர் அணியும் இரு தரப்புக்கும் வாதுரை எழுதுதல் வேண்டும். தான் நம்பாத தரப்பின் வலிமையைத் தேடிக் காணும் இப்பயிற்சி அருமையானது. எதனையும் வாதிட்டுவிடலாம் என்னும் செருக்கையும் அது வளர்க்கக் கூடும். அதனினும் பெரிய குறை வேறொன்று: அங்கே எவர்க்கும் எதுவும் இழப்பில்லை.

சிறு நகர இளம் வழக்கறிஞரின் நிலை அதுவன்று. அமர இடம், நூலகம், மூத்தோர் அனுப்பும் வழக்குகள் யாவும் சங்கத்தைச் சார்ந்தவை. தீர்மானத்தை மீறுவது அவர்க்குப் பிழைப்பை இழப்பதாகும். பெங்களூருவிலிருந்து சென்றோர்க்குத் தொலைவே ஒரு பாதுகாப்பாக அமைந்தது. அவர்தம் துணிவை இக்கூற்று குறைப்பதாகாது. ஆயினும் வெளியூரார் வந்தாலன்றி உரிமை நிறைவேறாது எனின், அவ்வுரிமை தொடர்வண்டிச் சீட்டைச் சார்ந்ததாகிவிடும். அரசு தரும் சட்ட உதவியும் இச்சிக்கலைத் தீர்ப்பதில்லை. உதவிப் பட்டியலில் உள்ளோரும் பொதுவாக அதே வளாகத்தில், அதே சங்கத்தில் இருப்போரே. மாவட்ட எல்லை கடந்த பட்டியலொன்றை மாநிலச் சட்டப்பணிகள் ஆணையம் இத்தகைய வழக்குகளுக்கெனத் தனியே பேணலாம். சட்டக் கல்லூரி மாணவர் அவ்வழக்கறிஞர்க்குத் துணையாக உடன் செல்லலாம். அவ்வாறாயின் பயணச் செலவையும் தங்குமிடத்தையும் யார் ஏற்பது என்பதை ஆணையம் முன்கூட்டியே முடிவுசெய்திருத்தல் வேண்டும். கைதுக்கும் முதல் பிணை மனுவுக்கும் இடையே அதற்குக் காலம் இராது.