ஜாவாவின் திரௌபதியும் தொலைக்காட்சியின் திரௌபதியும்

ஒரு நாட்டின் திரைப்படங்களும் தொடர்களும் பிற நாடுகளின் வீடுகளுக்குள் தங்குதடையின்றிப் புகுந்து, அங்குள்ளோரின் ரசனையையும் கற்பனையையும் தம் வசப்படுத்திக்கொள்வதை ஊடக ஆய்வாளர்கள் ‘பண்பாட்டு ஏகாதிபத்தியம்’ என்று குறித்தனர். யுனெஸ்கோ அமைத்த மெக்பிரைடு ஆணையமும் செய்திகளின் இந்த ஒருவழிப் போக்கை 1980ஆம் ஆண்டு அறிக்கையில் குறையாகச் சுட்டியது. விவாதம் பெரிதும் அமெரிக்காவை மனத்தில் வைத்தே நடந்ததால், கடல் கடந்து செல்வது ஒரு புனிதக் கதையாக இருந்தால் அதன் விளைவு என்ன என்னும் கேள்வி பின்னுக்குப் போயிற்று.

ஸ்டார் பிளஸ் 2013இல் தொடங்கிய ‘மகாபாரதம்’ தொடர், மறு ஆண்டே இந்தோனேசிய மொழியில் குரல் மாற்றப்பட்டு, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் அந்நாட்டின் ஏஎன்டீவி அலைவரிசையில் ஒளிபரப்பாகிப் பெரும் வரவேற்பைப் பெற்றது. அர்ச்சுனனாக நடித்தவர் பின்னர் அந்நாட்டுப் படைப்புகளிலேயே நடிக்கும் அளவுக்குப் புகழடைந்தார். ஆனால் பாரதம் அந்நாட்டுக்குப் புதிதன்று. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் தர்மவங்ச மன்னரின் அவையில் அதன் பருவங்கள் பழைய ஜாவானிய உரைநடையில் ஆக்கப்பட்டன. 1157இல் பாரதப்போர் அம்மொழியில் காவியமாகவே பாடப்பட்டது.

அக்கதை இன்றளவும் உயிரோடிருப்பது ‘வயாங் குலித்’ எனப்படும் தோற்பாவை நிழற்கூத்தில்தான். ‘தாலாங்’ எனப்படும் கூத்தர் ஒருவரே இரவு முழுவதும் திரைக்கு முன் அமர்ந்து, பாவைகளை ஆட்டி, எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்து, பின்னால் இருக்கும் கமலான் இசைக்குழுவையும் தாமே நடத்துகிறார். நள்ளிரவை ஒட்டிச் செமார் என்னும் தொந்தி பெருத்த ஏவலாள் தன் பிள்ளைகளோடு நுழைந்து, ஊர் வம்பையும் அரசின் குறைகளையும் எடுத்துவைத்து அவையைச் சிரிக்கவைக்கிறான். வியாச பாரதத்தில் இடமே இல்லாத இவன் ஜாவானியரின் நம்பிக்கையில் வேலைக்காரன் வடிவில் மண்ணுக்கு வந்த தெய்வம். அர்ச்சுனனே இவனிடம்தான் அறிவுரை கேட்க வேண்டும். வயாங்கில் திரௌபதி தருமனுக்கு மட்டுமே மனைவி. சிகண்டி வில்லேந்திய வீராங்கனையாகவும் அர்ச்சுனனின் மனைவியருள் ஒருத்தியாகவும் வருகிறாள்.

ஒரு புனிதக் கதையின் உண்மை மூலநூலில் நிலைபெற்றிருக்கிறதா, அல்லது அதைப் போற்றும் சமூகம் அதை நிகழ்த்தும்தோறும் புதிதாகப் பிறக்கிறதா? மூலமே உண்மை என்றால் ஜாவாவின் திரௌபதி பிழை, செமார் இடைச்செருகல், தொலைக்காட்சித் தொடர் அவற்றுக்கு வந்த திருத்தம் என்றாகிவிடும். அந்தத் தொடரோ, கண்ணன் அடிக்கடி பார்வையாளரை நோக்கித் திரும்பி வாழ்க்கை நெறி போதிக்கும் இன்னொரு பாடமே தவிர, வியாசரின் நேரடிப் பிரதிநிதி அன்று.

இரண்டு வருகைகளும் இந்தியாவிலிருந்தே நிகழ்ந்தன என்பதால், அயல் செல்வாக்கு என்ற குற்றச்சாட்டு இங்கே பொருந்தாது. பழைய பாரதம் சொல்லாக மட்டும் வந்தது. முகம், உடை, நகைச்சுவை, ஏன் திருமண உறவுகள்கூட உள்ளூராரே அமைத்துக்கொள்ள வேண்டியிருந்ததால் கதை அவர்களுடையதாயிற்று. தொடரோ முகமும் அணிகலனும் கண்ணீரும் சேர்த்து முடிந்த பொருளாக வருவதால், பெறுகிறவருக்குக் குரல் மாற்றுவதைத் தவிர வேறு வேலை மிஞ்சுவதில்லை. அதே தொடர் குரல் மாற்றப்பட்டு விஜய் தொலைக்காட்சி வழியாகத் தமிழ் வீடுகளுக்கும் வந்தது. திரௌபதியை அம்மனாக வழிபட்டு, பாரதம் படித்து, கூத்தாடி, பதினெட்டாம் போரன்று மண்ணால் துரியோதனன் உருவம் அமைத்துப் படுகளம் நடத்தி, தீ மிதிக்கும் வடதமிழக ஊர்களுக்கும் இந்த வேறுபாடு பொருந்தும். படுகளத்தில் வேடமிட்டு நிற்பவர் பக்கத்து ஊர்க்காரர் என்று தெரிந்தும் கைகூப்பும் பக்தியைத் திரையின் அழகிய முகத்தால் ஈடுசெய்ய முடியாது.

ஆகவே தொடர்களைத் தடை செய்வது தேவையற்ற வேலை. ஜாவானியப் பார்வையாளர் அந்தத் தொடரைப் பார்த்துவிட்டும் செமாரைக் கைவிடவில்லை. வயாங்கை யுனெஸ்கோ 2003இலேயே மானுடத்தின் வாய்மொழி மரபுச் செல்வமாக அறிவித்தது. அந்தப் பட்டத்தைவிட, தாலாங்குக்கும் தெருக்கூத்தருக்கும் இரவு முழுவதும் ஆட மேடையும் கட்டுப்படியாகும் ஊதியமும் கிடைப்பதே முதல் தேவை.