இரண்டாவது சிரிப்பு

'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழ காமெடியை எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள்? டி.வி.யில் வந்தால் இன்றைக்கும் எனக்குச் சேனல் மாற்ற மனசு வராது. வாங்கச் சொன்னது இரண்டு பழம். செந்தில் கையில் இருப்பது ஒன்று. இன்னொன்று எங்கே என்றால், அதுதான் இது என்கிறார்.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது? ஜெர்மானியத் தத்துவ ஞானி இமானுவேல் கான்ட்டைக் கேட்டால், எதையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறோம், அது பொசுக்கென்று ஒன்றுமில்லாமல் போகிறது, அதுதான் சிரிப்பு என்பார். 1790-லேயே எழுதிவிட்டார். சரி, கவுண்டமணி அடிக்கப் பாயும்போது இன்னும் பலமாகச் சிரிக்கிறோமே, அது? அதற்கு இங்கிலாந்துக்காரர் தாமஸ் ஹாப்ஸிடம் போகவேண்டும். அடுத்தவன் மட்டமாகத் தெரியும்போது நமக்குள் திடீரென்று ஒரு பெருமை பொங்குகிறது, சிரிப்பே அதுதான் என்றார் 1651-ல். படித்தால் எரிச்சல் வரும். மறுக்கத்தான் முடியவில்லை.

நான் படித்தது பி.காம். ஒரு பக்கம் வரவு எழுதினால் மறுபக்கம் பற்று இருந்தே தீரவேண்டும். சபை சிரித்தது வரவு என்றால், பற்று யார் பெயரில்? 'தி கோல்ட் ரஷ்' (1925) படத்தில் பசி தாங்காமல் பூட்ஸை வேகவைத்துத் தின்கிறாரே சாப்ளின், பற்று அவர் பெயரிலேயே. 'வின்னர்' (2003) கைப்புள்ள வாங்கிய அடியும் வடிவேலுவின் சொந்தக் கணக்குதான். இருவருக்கும் சம்பளம் உண்டு.

ஆபீஸில் திக்கிப் பேசுகிறவருக்கு?

மேனேஜர் அவரைப் போலவே பேசிக் காட்டுகிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். யாராவது முகம் சுளித்தால், "சும்மா தமாஷுக்குப்பா, அவரே சிரிக்கிறார் பாருங்க!"

சிரிப்பு பிறக்க நான்கு காரணங்கள் சொல்கிறது தொல்காப்பியம்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். உரை எழுதிய பேராசிரியர் (அந்தப் பெயரில்தான் அவரைத் தெரியும்) எள்ளலை இரண்டாகப் பிரிக்கிறார். பிறரை எள்ளி நாம் சிரிப்பது ஒன்று. பிறர் நம்மை எள்ளும்போது நாமே சிரிப்பது இன்னொன்று.

இந்த இரண்டாவது சிரிப்பைத்தான் சம்மதக் கையெழுத்து என்று எடுத்துக்கொள்கிறோம். சிரிக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? 'ஒரு ஜோக்கைக்கூடத் தாங்க மாட்டேங்கறாரே' என்று அதற்கும் ஒரு ரவுண்டு சிரிப்பார்கள்.

கிண்டலே கூடாது என்று யாராவது சட்டம் போட்டால் ஊரைவிட்டு ஓடும் முதல் ஆள் நான்தான். நண்பர்களுக்குள் கலாய்ப்பது வேறு விஷயம். அங்கே இன்றைய கடனை நாளைக்கே வட்டியோடு திருப்பிவிடுவார்கள்.

அதே மேனேஜர் நடக்கிற மாதிரி ஆபீஸ் பையன் ஒரு தடவை நடந்து காட்டட்டும். அப்போதும் அது தமாஷ்தானா, இல்லை மெமோவா?