பல ஆசான்களிடம் கற்பது முறையா?

ஒருவர் இரண்டு ஆசான்களிடம் இரண்டு சண்டைக் கலைகளைக் கற்கலாமா? ஒன்றில் பெற்ற தகுதி மற்றொன்றில் செல்லுமா? மேலோட்டமாகப் பார்த்தால் இவை பயிற்சிக்கூடத்தின் நடைமுறைக் கேள்விகள். உள்ளே போனால், குரு என்பவர் யார், சீடன் அவருக்கு எந்த அளவுக்குக் கட்டுப்பட்டவன் என்ற பழைய சமயக் கேள்வியே அங்கே நிற்கிறது. ஆவடி மாநகராட்சியில் பட்டாபிராமை அடுத்த சேக்காடு போன்ற இடங்களில் இது ஏட்டோடு நின்றுவிடும் விவாதமல்ல. டாங்கித் தொழிற்சாலை, விமானப்படை நிலையம், மத்திய ரிசர்வ் போலீஸ் முகாம், சிறப்புக் காவல் படை என்று சீருடை வேலைகள் சூழ்ந்த வட்டாரம் இது. மகனைக் கராத்தேக்கும் சிலம்பத்துக்கும் சேர்த்தே அனுப்பும் பெற்றோரை இங்கே காணலாம். கறுப்பு பெல்ட் கட்டிய அந்தப் பையன் சிலம்பக் கூடத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

பெல்ட் அவ்வளவு பழைய ஏற்பாடு அல்ல. ஜிகோரோ கானோ 1882-இல் டோக்கியோவில் கொடோகான் கூடத்தை நிறுவி ஜூடோவை உருவாக்கினார். 1883-இல் மாணவர் இருவருக்கு முதல் ‘டான்’ தகுதியை அளித்தார். கறுப்பு பெல்ட் அதற்குச் சில ஆண்டுகள் பின்னால் வந்தது. கராத்தேயில் கிச்சின் ஃபுனகோஷி முதன்முதலாக டான் தகுதி வழங்கியது 1924-இல். தகுதி முறையைத் தொடங்கிவைத்த கானோ ஒரே பள்ளியில் வளர்ந்தவர் அல்லர் என்பது இங்கே முக்கியம். தென்ஜின் ஷின்யோ, கிதோ என்ற இரண்டு ஜுஜுட்சு மரபுகளில் பயின்று, இரண்டிலிருந்தும் எடுத்தே தன் கலையை அமைத்தார். எழுபது வயதில், 1930-இல், பின்னாளில் ஐகிடோ என்று பெயர்பெற்ற கலையை உருவாக்கிய மொரிஹெய் உயெஷிபாவின் பயிற்சியை நேரில் பார்த்தபின் தன் மாணவர்கள் சிலரை அவரிடம் கற்க அனுப்பினார். உலகெங்கும் பரவிய ஒரு கலையின் நிறுவனருக்கே தன் மாணவன் இன்னொருவரிடம் போவது அவமானமாகப் படவில்லை.

சிலம்பக் கூடத்தில் மரபாகப் பட்டையும் கிடையாது, டானும் கிடையாது. முதலில் சலாம் வரிசை, காலடி. பிறகு கம்பு வீச்சு. அதன்பின் எதிராளியோடு கம்பு மோதல். கை பக்குவப்பட்டவருக்குச் சுருள்வாள், மான்கொம்பு. யாருக்கு எதை எப்போது கொடுப்பது என்பது ஆசானின் கண்ணில் இருந்தது. வர்மப் பாடம் பலருக்குக் கடைசிவரை கிடைத்ததே இல்லை. இன்று நிலைமை மாறியிருக்கிறது. தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்ந்துவிட்டது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. சான்றிதழ் ஒரு குடும்பத்தின் வருமானத்தைத் தீர்மானிக்கும் காலத்தில், தகுதியை வெறும் அகந்தை என்று ஒதுக்கிப் பேசுவது வசதி உள்ளவர்களின் பேச்சு.

தகுதியை எப்படிப் புரிந்துகொள்வது என்பதற்குச் சைவ மரபில் தெளிவான விடை இருக்கிறது. சமய தீட்சை பெற்றவர் சரியை எனும் புறத்தொண்டுக்கு உரியவர். விசேட தீட்சை கிரியை எனும் பூசைக்கும் யோகத்துக்கும் உரிமை தருகிறது. நிர்வாண தீட்சை ஞானத்துக்கு வழிவிடுகிறது. பிறருக்குத் தீட்சை கொடுக்க ஆசாரிய அபிஷேகம் தனியாக வேண்டும். இந்தப் படிகளில் ஒவ்வொன்றும் அடுத்துச் செய்ய வேண்டிய கடமைக்கான அனுமதி. மேலே ஏறியவர் அதிகம் செய்யக் கடமைப்பட்டவர். முதல் டானுக்கும் இதுவே பொருந்தும்: அடிப்படை முடிந்தது, இனிக் கடினமானதைக் கற்பிக்கலாம் என்று ஓர் ஆசான் தன் கலைக்குள் தரும் ஒப்புதல் அது. இன்னொரு கலையைப் பற்றி அந்த ஒப்புதல் எதுவும் சொல்வதில்லை.

பல குருக்களின் பிரச்சினை இதைவிட ஆழமானது. அதை எண்ணிப் பார்க்கச் சேக்காட்டிலிருந்து வெகுதூரம் போக வேண்டாம். ஆவடியிலிருந்து பஸ்ஸில் போய்விடும் தூரத்தில் இருக்கும் பூந்தமல்லிதான் திருக்கச்சி நம்பி பிறந்த ஊர். காஞ்சியில் வரதராசப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசித் தொண்டு செய்த அவர் பிறப்பால் வைசியர். வேதம் கற்ற அந்தணரான இராமானுசர் அவரிடம் சீடனாக விரும்பினார். அவர் உண்ட மிச்சத்தை உண்ண ஆசைப்பட்டார். நம்பி ஆசாரிய நிலையை ஏற்க மறுத்தார். அவர் வாயிலாக வந்த பெருமாளின் ஆறு வார்த்தைகள் இராமானுசரைப் பெரிய நம்பியிடம் அனுப்பின. குலத்தில் உயர்ந்தவன் என்று ஊர் சொன்ன ஒருவர் அந்த உயர்வைக் கற்றலின் வாசலில் கழற்றிவைக்கத் தயாராக இருந்தார் என்பதே இந்த வரலாற்றின் கனமான செய்தி.

வைணவ குருபரம்பரை நூல்கள் இராமானுசருக்கு ஐந்து ஆசாரியர்களைச் சொல்கின்றன. பெரிய நம்பி மதுராந்தகத்தில் அவருக்குப் பஞ்ச சம்ஸ்காரம் என்ற வைணவ தீட்சையைச் செய்துவைத்தார். மந்திரப் பொருளுக்காக இராமானுசர் திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்தார். திருமலை நம்பியிடம் இராமாயணம் கேட்டார். திருவரங்கப் பெருமாள் அரையருக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தும் மஞ்சள் காப்பு அரைத்துக் கொடுத்தும் மாதக்கணக்கில் பணிவிடை செய்தபின்பே பாடம் கிடைத்தது. அப்போது இராமானுசர் திருவரங்கத்தில் பெரும் பொறுப்பில் இருந்தவர் என்பதை மறக்கக் கூடாது.

திருமாலையாண்டானிடம் திருவாய்மொழி கேட்டபோதுதான் உரசல் வந்தது. ஆசிரியர் சொன்ன பொருளுக்கு மாற்றாக இராமானுசர் வேறு பொருள் சொன்னார். தம் ஆசாரியரான ஆளவந்தாரிடம் தாம் கேட்காத பொருள் இது என்று ஆண்டான் பாடத்தை நிறுத்திவிட்டார். திருக்கோட்டியூர் நம்பி நடுவில் வந்து, அந்தப் பொருளும் ஆளவந்தாரின் கருத்தே என்று எடுத்துச் சொன்னபின் பாடம் தொடர்ந்தது. இரண்டு இடங்களில் கற்கும் எவருக்கும் இந்த மோதல் வந்தே தீரும். தற்காப்புக் கலையில் அது உடம்பிலேயே நிகழ்கிறது. கராத்தேயில் கால் ஊன்றி நிற்க வேண்டும். குத்து முடியும் கணத்தில் உடல் இறுக வேண்டும். சிலம்பத்திலோ கால் ஓயாமல் மாறும். மணிக்கட்டு தளராவிட்டால் கம்பு சுழலாது. ஒரு கூடத்தில் பாராட்டப்பட்ட பழக்கம் அடுத்த கூடத்தில் பிழையாகிறது. அந்த நேரத்தில் மாணவன் யார் சொல்வதைக் கேட்பது?

ஒரு மறுப்பும் இங்கே எழும். ஐவரும் ஆளவந்தாரின் சீடர்களே, ஆகவே இராமானுசர் கற்றது ஒரே பள்ளிக்குள்தான் என்று சொல்லலாம். மறுப்பு நியாயமானது, ஆனால் முழுமையானதல்ல. அவருடைய முதல் வேதாந்த ஆசிரியர் திருப்புட்குழி யாதவப் பிரகாசர், வேறு தத்துவம் சொன்னவர். உபநிடதத் தொடர் ஒன்றுக்குப் பொருள் கொள்வதில் மோதி இராமானுசர் அங்கிருந்து விலகினார். பிற்காலத்தில் தாம் எழுதிய ஸ்ரீபாஷ்யத்தில் எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துவைத்துவிட்டுத்தான் அவர் மறுக்கத் தொடங்குகிறார். மாற்றுப் பள்ளியின் பாடத்தை உள்ளே இருந்து கேட்டவருக்கு அது கைவந்ததில் வியப்பில்லை. யாதவப் பிரகாசரே பின்னாளில் இராமானுசருக்குச் சீடரானார் என்று மரபு சொல்கிறது.

ஒரே குருவை விடாது பற்ற வேண்டும் என்போரின் அச்சத்தையும் தள்ளிவிட முடியாது. கடினமான இடம் வந்ததும் ஆசானை மாற்றுகிறவன் எந்தக் கலையிலும் அந்த இடத்தைத் தாண்டுவதில்லை. ஐந்து கூடங்களில் தொடக்கப் பாடம் முடித்தவனுக்கு ஐந்து தொடக்கங்கள் மட்டுமே தெரியும். பாகவதத்தின் பதினொன்றாம் கந்தத்தில் வரும் அவதூதர் பூமி, காற்று, தேனீ முதலாக இருபத்துநான்கு குருக்களைச் சொல்கிறார். ஆனால் ஒவ்வொன்றிடமும் தாம் கற்றது இன்னது என்று அவரால் திட்டமாகச் சொல்ல முடிகிறது. பல இடம் போகிறவருக்கு வைக்கத்தக்க சோதனை அதுதான்.

தகுதியோடு வருபவரின் நிலைமைக்கு மிகக் கூர்மையான எடுத்துக்காட்டு அருணந்தி சிவாசாரியார். 13-ஆம் நூற்றாண்டில், சகலாகம பண்டிதர் என்ற பட்டத்தோடு வாழ்ந்தவர். தம் சீடர் குடும்பத்துப் பிள்ளையான மெய்கண்டார் திருவெண்ணெய்நல்லூரில் பாடம் சொல்கிறார் என்று கேள்விப்பட்டுச் சோதிக்கப் போனார். உயிரை மறைக்கும் ஆணவ மலத்தின் இயல்பு என்ன என்று கேட்டார். மெய்கண்டார் பதில் பேசாமல் அவரைத் தலை முதல் கால்வரை பார்த்தார். அருணந்தி அந்த இடத்திலேயே பணிந்து சீடரானார். அதற்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அவர் எழுதிய சிவஞான சித்தியாரின் பரபக்கம் உலகாயதம் தொடங்கிப் பதினான்கு மதங்களை எடுத்துரைத்து மறுக்கிறது. அந்தப் பெருங்கல்வி முன்பே சேர்த்தது. திருவெண்ணெய்நல்லூரில் அவர் விட்டது பட்டத்தின் இறுமாப்பை, படிப்பை விடவில்லை.

ஆகவே கறுப்பு பெல்ட்டோடு சிலம்பக் கூடத்துக்கு வரும் பையன் கடைசி வரிசையில் நின்று சலாம் வரிசையிலிருந்தே தொடங்க வேண்டும். பழைய கலை தந்த மூச்சும் பார்வையும் தாங்கும் திறனும் கூடவே வரும். அவற்றை யாரும் பறிக்க முடியாது. சிலம்ப ஆசானின் கூடத்தில் கால் எப்படிப் போக வேண்டும் என்பதில் அவர் சொல்லே முடிவு, கராத்தே கூடத்தில் அந்த ஆசிரியரின் சொல்லே முடிவு. இரண்டாம் இடத்தில் சேரும்முன் முதல் ஆசானிடம் சொல்லி அனுமதி கேட்பது மாணவனின் கடமை. கேட்டு வருபவனைத் துரோகி என்று விரட்டாமல் அனுப்பிவைப்பது ஆசானின் கடமை. சீருடை வேலைக்காகச் சான்றிதழ் தேவைப்படும் இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு, கற்பிக்காத பாடத்துக்குத் தகுதித் தாள் எழுதிக் கொடுக்காமல் இருப்பது ஆசானின் கடமைகளில் முதலாவது.