குரல் பாட்டியுடையது, கோப்பு யாருடையது?

துவாஸில் நான் வேலை பார்க்கும் ஆலையில் போன மாதம் ஒரு படிவம் தந்தார்கள். பம்புகளின் இரைச்சலைப் பதிந்து, சுருக்கிச் சேமிக்க நான் எழுதிய வழிமுறைக்கு நிறுவனம் காப்புரிமை கேட்கப்போகிறது. "சைன் போட்டுக் குடுப்பா, பெருமைதானே" என்றார் மூத்த பொறியாளர். போடாமல் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

என் போனில் பாட்டி பாடிய தாலாட்டு ஒன்று இருக்கிறது, எம்பி3 கோப்பாக. காது கவனிக்காத ஒலிகளைக் கழித்துவிட்டு, கோப்பைப் பத்தில் ஒரு பங்காக்கும் வித்தை அது. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வகத்தினர் பல வருடம் உழைத்துச் செய்தது. கூலி கேட்டதில் தப்பில்லை. ஆனால் இலவச நிரல்கள் ஊரெல்லாம் பரவிய பிறகு, 1998இல், அவற்றை எழுதியவர்களுக்கு உரிமக் கட்டணம் கேட்டுக் கடிதம் போனது. அந்தக் கோபத்தில்தான் கிறிஸ் மாண்ட்கோமரி கட்டணமில்லாத 'வோர்பிஸ்' வடிவத்தில் இறங்கினார். 2002இல் அது முழுமையாக வந்தபோது எல்லோர் பாட்டும் எம்பி3இல் குடியேறியிருந்தது.

இதைச் சொல்லித் திட்டுகிற நானே, 2006இல் வேறு மாதிரி இருந்தேன். நம்ம சிம் வோங் ஹூவின் கிரியேட்டிவ் நிறுவனத்துக்கு ஆப்பிள் 10 கோடி அமெரிக்க டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. வீட்டில் ஒரே கொண்டாட்டம். வழக்கு எதைப் பற்றி? பாடகர், ஆல்பம், பாட்டு என்று படிப்படியாகத் தேடும் பட்டியல் முறை. அதைப் பூட்டி வைக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. சாவி நம்ம கையில் இருந்தால் பூட்டு அழகாகத்தான் தெரிகிறது.

நாற்காலிக்கு விலை அதிகமென்றால் வாங்காமல் போகலாம். கோப்பு வடிவம் அப்படியில்லை, அது எழுத்து மாதிரி. பாட்டியின் குரலை அதில் எழுதி வைத்துவிட்டேன். இனி அதைப் படிக்க வேறொருவர் அனுமதி வேண்டுமென்றால், அது உழைப்புக்குக் கூலியா, நினைவுக்கு வாடகையா?

காப்புரிமைகள் காலாவதியாகி, 2017இல் எம்பி3 உரிமத் திட்டமே முடிந்துவிட்டது. சட்டம் கடைசியில் கதவைத் திறக்கத்தான் செய்கிறது. ஆனால் அதற்குள் ஒரு தலைமுறை போய்விடுகிறது.

நேற்று மூத்தவரிடம் சொன்னேன்: "சுருக்குற முறைக்கு உரிமை கேளுங்கண்ணே. ஆனா கோப்பைத் திறந்து படிக்கிறது எல்லாருக்கும் இலவசம்னு எழுதிக் குடுங்க, போடுறேன்."

அவர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதுக்கு இதுல கட்டமே இல்லையேப்பா."